கட்டையின் குற்றமா?

பியானோவில் ஒரு கட்டை அழுந்தியே கிடந்தால், எல்லோரும் கட்டையைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு உள்ளே இருக்கும்.

எங்கள் சேரியில் நடத்தும் இரவுப் பள்ளிக்கு நன்கொடையாக ஓர் அப்ரைட் பியானோ வந்தது. பழுது பார்ப்பவரைப் போனில் அழைத்தோம். தெருப்பெயரைக் கேட்டதும், "அந்தப் பக்கமெல்லாம் வர்றதில்லீங்க" என்றார். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கியது. நாங்களே திறந்தோம்.

மேல் பலகையைக் கழற்றினால் 88 கட்டைகளுக்கான சுத்தியல்களும், இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகளும் தெரியும். தந்திகளின் மொத்த இழுவிசை பல டன். அவற்றையும் முறுக்காணிகளையும் தொடவில்லை. மற்றதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

கட்டையை அழுத்தி விட்டுவிட்டுச் சுத்தியலைக் கவனியுங்கள். சுத்தியல் திரும்பி வந்தும் கட்டை எழவில்லையென்றால், கட்டையின் துளையில் ஒட்டிய துணி ஈரத்தில் ஊதி ஆணியைப் பிடித்திருக்கும். அல்லது இடுக்கில் காசோ பென்சில் துண்டோ சிக்கியிருக்கும். சுத்தியல் தந்தியருகிலேயே நின்றுவிட்டால், அதன் அச்சாணி இறுகியிருக்கலாம். கட்டை இறங்கியும் சுத்தியல் அசையவில்லையென்றால், அதைத் தள்ளும் சிறு நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பியிருக்காது. விரலை எடுத்தும் ஒரு சுரம் நிற்கவில்லையென்றால், தந்தியை அமர்த்தும் ஃபெல்ட்டைப் பாருங்கள். எந்தச் சுரமும் நிற்கவில்லையென்றால் வலது பெடலைப் பாருங்கள்.

எங்கள் பியானோவில் 11 கட்டைகள் இறுகிக் கிடந்தன. பின்சுவரில் மழைநீர் கசிந்துகொண்டிருந்தது. வேறு சுவருக்கு மாற்றினோம். சில வாரங்களில் 7 கட்டைகள் தாமாகவே எழுந்தன. மீதி நான்கின் துணியைக் குறடால் மெல்ல அழுத்தித் தளர்த்தினோம். எங்கள் பிள்ளைகள் மதிப்பெண் குறைந்தால் "இதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்பவர்கள், ஒருநாளும் அந்தச் சுவரைப் பார்ப்பதில்லை.

சுத்தியலின் அடியில், நெம்புகோல் உரசும் இடத்தில், தோல் ஒட்டியிருந்தது. பறை கட்டுபவரின் பேத்தி ஒருத்தி அதைத் தடவிப் பார்த்து, "அக்கா, இதுலயும் தோல்தானா?" என்று கேட்டாள்.

ஆமாம், இதிலும் தோல்தான். மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் உண்டு. அதைச் செய்யும் கலைஞர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை, 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோலில் பிறக்கும் நாதம் மேடையேறலாம். தோலைப் பதப்படுத்தியவரின் கதை ஏறக்கூடாதா?

கச்சேரி அழைப்பிதழில் வாசிப்பவரின் பெயரோடு, கருவி செய்தவரின் பெயரையும் அச்சிடுங்கள். சபாக்களிடம் நாங்கள் கேட்பது சலுகை அல்ல; செய்த வேலைக்கான கையெழுத்து.

ஜெய்பீம்.