ஒற்றை விசில்

தை 2, இரவு

பணி ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் கழிந்தும் 'டிரில் வாத்தியார்' என்னும் பட்டம் என்னை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, சாத்தான்குளத்துக்கு அப்பால் தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து இளைஞர் நால்வர் வந்து, கரும்புக் கட்டு ஒன்றைத் திண்ணையில் சாத்திவிட்டு, நாளை இரவு நடக்கும் கைப்பந்து இறுதி ஆட்டத்துக்கு நானே நடுவராக இருக்கவேண்டுமென்று வற்புறுத்திப் போனார்கள்.

"இரண்டாம் நடுவர் யாரப்பா?" என்றேன்.

"வாரதா இருந்தவருக்குக் காய்ச்சல் சார். நீங்க ஒருத்தர் போதும். ஒங்க விசிலுக்கு மேல யாரு பேசப்போறா?"

முகஸ்துதிக்கு மயங்கும் வயதைக் கடந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன், கடக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

தை 3, நள்ளிரவுக்குப் பின்

காலில் செம்மண் இன்னும் கழுவப்படவில்லை. உறக்கம் வராததால் எழுதுகிறேன்.

பொழுது சாயும் முன்பே போய், மூங்கில் கழி ஒன்றில் 2.43 மீட்டருக்குக் கோடு கிழித்து, வலையின் நடுவிலும் இரு ஓரங்களிலும் நிறுத்திப் பார்த்தேன். நடுவில் சரியாக இருந்தது. எதிர்க் கம்பத்தின் பக்கம் மூன்று விரற்கடை தூக்கலாக நின்றது. ஓரங்கள் நடுவைக் காட்டிலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது விதியாதலால், கயிற்றை இளக்கி மறுபடி கட்டச் செய்தேன். நடுவர் ஏறி நிற்கும் மேடைக்குப் பந்தல்காரரின் மேசையும் அதன்மேல் ஒரு முக்காலியும் போட்டிருந்தார்கள். நடுவரின் கண் வலையின் மேல்விளிம்புக்கு அரை மீட்டர் மேலே இருக்கவேண்டும். அந்தக் கணக்குக்கு ஏறக்குறையப் பொருந்திய அந்த ஆசனம், என் முழங்காலுக்குத்தான் பொருந்தவில்லை.

கோட்டு நடுவர்களாகக் கொடி பிடிக்கக் கூட்டத்திலிருந்து நால்வர் முன்வந்தார்கள். இருவர் சிவப்புச் சட்டை அணியின் ஊர். இருவர் கடற்கரையிலிருந்து வந்த நீலச் சட்டையாரின் உறவினர். பட்சபாதமுள்ள கொடியைவிடக் குருட்டு மூலையே மேல் என்று தீர்மானித்து, அவர்களை உட்காரச் சொல்லிவிட்டேன். புள்ளி குறிக்க மட்டும் ஒரு பள்ளிக்கூடப் பையனை அமர்த்திக்கொண்டேன். இந்தத் தீர்மானம் நேர்மையில் பிறந்ததா கர்வத்தில் பிறந்ததா என்பது இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாம் நடுவர் என்பவர் முதல் நடுவருக்கு உதவியாள் என்று எண்ணுபவர்கள் ஆட்டத்தைக் கரையில் நின்று பார்த்தவர்கள். நான் ஒரு கம்பத்தருகே நின்றால் அவர் எதிர்க் கம்பத்தருகே நிற்பார். நான் பந்தின் பின்னால் போகும்போது அவர் வலையையும் நடுக்கோட்டையும் தடுப்பவர் கைகளையும் விட்டு அகலமாட்டார். சர்வீஸ் வாங்கும் அணியின் ஆறு பேரும் அவரவர் ஸ்தானத்தில் நிற்கிறார்களா என்று எண்ணுவதும் அவர் வேலை. இன்று அந்த எண்ணிக்கையையும் நானே செய்தேன். சுழற்சி வரிசையைத் துண்டுக் காகிதத்தில் குறித்துச் சட்டைப் பையில் வைத்து, ஒவ்வொரு முறை ஊதுமுன்னும் எட்டிப் பார்த்ததைக் கண்டு, "வாத்தியார் பிட்டு அடிக்காரு" என்று ஒரு பொடியன் கூவ, திடலே சிரித்தது.

சைவ சித்தாந்திகள் அறிவுக்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் கூறுவர். கொடி பிடிப்போரை விலக்கியதால் உரை எனக்கு இல்லாமற் போயிற்று. எதிர்ப்புறத்தில் ஆள் இல்லாததால் காண்டலிலும் பாதி போயிற்று. மிச்சமிருந்த கருதலைக் கொண்டே இரவு முழுதும் காலக்ஷேபம் நடந்தது.

எல்லைக்கோடுகள் சுண்ணாம்புத் தூளால் இடப்பட்டவை. இரண்டாவது ஆட்டத்தில் தூரத்து மூலையில் விழுந்த ஒரு பந்துக்கு இரு பக்கமும் உரிமை கோரவே, முக்காலியிலிருந்து இறங்கி நடந்து, பந்தை வாங்கி விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். தையலோரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. "உள்ளே" என்று கை காட்டினேன், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு மணி நேரமாக அதே கோடுகளின் மேல் உருண்டுகொண்டிருந்த பந்தில் சுண்ணாம்பு இல்லாவிட்டால்தான் அதிசயம் என்பதை நான் அறிவேன். பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்திருந்தேன். பந்தை வாங்கியது வெறும் பாவனை.

முதல் ஆட்டம் நீலத்துக்கு 25-21. இரண்டாவது சிவப்புக்கு 25-22. மூன்றாவதில் 13-12 என்று நீலம் முன்னே நிற்கையில், சிவப்பணி சர்வீஸ் போட்டு, பந்து இருமுறை வலையைக் கடந்து திரும்பிய பின், எதிர்க் கம்பத்து ஓரத்தில் அவர்களுடைய நெட்டைப் பையன் எழும்பி அடித்தான். தடுக்க எழுந்தவர் இருவர். நான் நின்ற இடத்திலிருந்து உள்பக்கத்தவன் கைகள் தெரிந்தன. அவனுக்கு அப்பால் நின்றவன் கைகளை அவன் முழங்கையும் தலையும் மறைத்தன. பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் பனைமர இருட்டில் போய் விழுந்தது. ஏதோ ஒரு சிறு சத்தம், நகத்தால் முறத்தைச் சுண்டியதுபோல, கேட்டதாக ஒரு பிரமை. அதே க்ஷணத்தில் ஒலிபெருக்கியும் கொரகொரத்தது.

இரு முன்னங்கைகளையும் நிமிர்த்தி, வெளிப்பந்து என்று காட்டினேன்.

"டச் சார்! வெரல்ல பட்டுச்சு சார்!" என்று சிவப்பணித் தலைவன் மேசையடிக்கு ஓடிவந்தான். மறைந்து நின்றவனைப் பார்த்தேன். அவன் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, சுழன்று, சர்வீஸ் போடப் போய்க்கொண்டிருந்தான். 14-12. பிறகு சிவப்பு ஒன்று எடுத்தது; அடுத்ததை நீலம் எடுத்து, 15-13.

தை 4

தொண்டை கட்டிக்கொண்டது. கஷாயம்.

சந்தேகம் இருந்தால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொல்லியிருக்கலாமே என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. ஆட்ட நடுவே வேறொரு பந்து உள்ளே உருண்டு வந்தாலோ, இருவர் ஒருங்கே பிழை செய்தாலோ மறு ஆட்டம் உண்டு. நடுவர் பார்க்கவில்லை என்பதற்காக அதைக் கேட்பது, பாக்கிக்காரன் தவணை கேட்பதைப் போன்றதென்று நான் நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த காலம் முதலே நினைத்துவந்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் காலத்து ஆட்டம் வேறு. சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி என்றிருந்தபடியால், நேற்றுப்போல் சர்வீஸ் சிவப்பின் கையில் இருக்கும்போது நான் தவறியிருந்தால், அவர்கள் கையிலிருந்து சர்வீஸ் போயிருக்குமேயன்றி எதிரிக்குப் புள்ளி ஏறியிராது. 1998-இல் சர்வதேசச் சம்மேளனம் அந்த முறையை எடுத்துவிட்டு, யார் போட்டாலும் புள்ளி என்று வைத்தது. ஆட்டம் விறுவிறுப்படைந்தது, பார்ப்பவர்க்கு நல்லதுதான். நடுவரின் பிழைக்கு முன்பிருந்த ஒரு சிறு திண்ணையை இடித்துவிட்டார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை.

தை 6

காலையில் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அவன் நின்றுகொண்டிருந்தான், அந்த மறைந்து நின்ற பையன். நீலச் சட்டை இல்லாமல், வேலைக்குப் போகும் உடுப்பில், பார்க்கச் சிறுவனாகத் தெரிந்தான். கண்ணாடிக் குவளையை இடது கையால் பிடித்திருந்தான். வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து, மஞ்சள் பற்றுப் போட்ட துணியால் சுற்றியிருந்தது.

"கைக்கு என்னப்பா?"

"கதவு எடுக்குல நசுங்கிட்டு சார்" என்றான், வடைத் தட்டைப் பார்த்தபடி.

இருக்கலாம், கதவிடுக்கில் நசுங்காத விரல் உலகத்தில் ஏது? இரண்டு விரல் சேர்ந்தாற்போல் நசுங்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் திருச்செந்தூர்ப் பேருந்து வந்துவிட்டது. அவன் அவசரமாகக் குவளையை வைத்துவிட்டு ஓடினான். கடைக்காரரிடம் சில்லறையை நீட்டினேன்.

"ஒங்களுக்கும் சேத்து அந்தத் தம்பி குடுத்துட்டாரு" என்றார்.