பாலைவனத்தில் ஒரு பச்சை

அன்றைக்கு முதலில் கண்ணில் பட்டது பச்சைதான். மார்ச் மாதம், காலை ஆறு மணி இருக்கும். கரையின் மேற்குப் பக்க அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். சுற்றிலும் செம்மண், காய்ந்த முள்செடி, அதற்கு மேல் வானம். நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்குப் புல். நல்ல இளம்பச்சை. நாலு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை.

வேறு எங்கே பார்த்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். அங்கே வயிற்றைக் கலக்கியது.

மேற்கு ஆஸ்திரேலியாவில், கல்கூர்லியிலிருந்து வடக்கே பல மணி நேரம் போனால் வரும் ஒரு தங்கச் சுரங்கம். பெயர் வேண்டாம். பெர்த்தில் இருந்து விமானத்தில் போய் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் லீவு. என் வேலை கழிவு அணையைச் சுற்றி வருவது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் மிச்சம் ஒரு சாம்பல் நிறக் குழம்பு. ஒரு டன் பாறையில் சில கிராம்தான் தங்கம். மற்றதெல்லாம் குழாய் வழியாக இந்த அணைக்கு வந்துவிடும். கரையில் புதைத்திருக்கும் பீஸோமீட்டர்களில் உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன். வெடிப்பு, ஈரம், சரிவு ஏதாவது கண்ணில் பட்டால் நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான் வேலை.

அணை என்றதும் நமக்கு மேட்டூர் மாதிரி கல்லும் காரையும் ஞாபகம் வரும். இது அப்படி இல்லை. முதலில் மண்ணால் ஒரு சின்னக் கரை. உள்ளே குழம்பை ஊற்றுவார்கள். ஓரம் காய்ந்ததும், அந்தக் காய்ந்த கழிவின் மேலேயே அடுத்த கரை. அது நிரம்பினால் அதற்கு மேல் இன்னொன்று. இப்படியே படிப்படியாக உயரும். ஆக, கழிவைத் தாங்கி நிற்பதும் கழிவுதான். மேலே நடந்தால் சிமெண்டுத் தரை போலக் கெட்டியாக இருக்கும். அது ஆடை கட்டிய பால். அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. நீர்மட்டம் ஏறினாலோ, நிலம் அதிர்ந்தாலோ, அந்தக் கெட்டி மண் சில நொடிகளில் மறுபடி குழம்பாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "இங்கதான் மழையே இல்லையே." கல்கூர்லிப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 260 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஒரு மோசமான நாளில் கொட்டுவது அது. அதனால் பாலைவனத்து அணை பத்திரம் என்று ஒரு நம்பிக்கை. நானும் நம்பினேன்.

ஆனால் அந்த ஊருக்குத் தண்ணீர் எப்போது மழையாக வந்தது? 1903-இல் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, மலையேற்றி, கடற்கரைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள். அந்தக் குழாயை இன்றும் சாலையோரம் பார்க்கலாம். சுரங்கத்துத் தண்ணீரும் அப்படித்தான், பூமிக்கு அடியிலிருந்து நாங்களே உறிஞ்சி எடுப்பது. அதில் ஒரு பங்கு கழிவோடு கலந்து இரவும் பகலும் அணைக்குப் போகிறது. அணையைக் கெடுக்கும் தண்ணீருக்கு வானம் தேவையில்லை. நாங்களே ஊற்றுகிறோம்.

அன்று காலை போனில் ஒரு போட்டோ எடுத்தேன். நோட்டில் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்று, நான் ஒப்பந்த ஆள்; விசா கம்பெனி கையில். இரண்டு, அந்த மாதம் உற்பத்தி பின்தங்கியிருந்தது, சூப்பர்வைசர் முகம் சரியில்லை. தயங்கித் தயங்கி அவரிடம் வாயால் மட்டும் சொன்னேன். "குழாய்ல எங்கயாவது ஒழுகியிருக்கும், காஞ்சிரும்" என்றார். மூன்றாவது காரணம்தான் உண்மையானது. எழுதினால் அது நடந்ததாகிவிடும். எழுதாதவரை அது வெறும் புல்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வண்டியை அந்த இடத்தில் நிறுத்தாமல் போனேன். வியாழக்கிழமை இறங்கினேன். புல்லைத் தாண்டி மண் கறுத்திருந்தது. கால் வைத்தால் பூட்ஸ் அழுந்தியது. பக்கத்தில் இருந்த பீஸோமீட்டரில் நீர்மட்டம் போன மாதத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. அன்றைக்கு எழுதினேன். கை நடுங்கியதால் இரண்டு தடவை அடித்து எழுதினேன்.

மத்தியானமே அணைக்குப் பொறுப்பான இன்ஜினியர் வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். காரணத்தை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தார். மேற்குப் பக்கத்துக் குழாய்கள் பழுதென்று சில மாதமாக மூடியிருந்தன. கிழக்கிலிருந்து மட்டும் ஊற்றியதால் அந்தப் பக்கம் மேடாகி, அணையின் நடுவில் நிற்கவேண்டிய குட்டை மெல்ல நகர்ந்து மேற்குக் கரையை ஒட்டி வந்துவிட்டது. தண்ணீர் கரைக்குள் வழி தேட ஆரம்பித்திருந்தது.

"இதை முதல்ல எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்கு" என்றேன்.

அன்று இரவு கேம்ப்பில் தூக்கம் வரவில்லை. நியூ மெக்ஸிகோவின் சர்ச் ராக் பற்றி எப்போதோ பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதுவும் பாலைவனம்தான். யுரேனிய ஆலையின் கழிவு அணை. கட்டிய கொஞ்ச நாளிலேயே வெடிப்புகள் தெரிந்தன. 1979 ஜூலை 16 விடியற்காலை கரை உடைந்தது. 35 கோடி லிட்டர் அமிலக் கழிவுநீரும் ஆயிரம் டன்னுக்கு மேல் கழிவுமண்ணும் புவெர்கோ ஆற்றில் போய்ச் சேர்ந்தன. நவஹோ மக்கள் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய ஆறு அது. அதே வருடம் மார்ச்சில் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து உலகத்துக்கே தெரியும். அதைவிட அதிகக் கதிரியக்கத்தை வெளியே விட்ட சர்ச் ராக் எத்தனை பேருக்குத் தெரியும்? கழிவு போய்ச் சேர்ந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதில் அதற்குப் பதில் இருக்கிறது.

சிலே நாட்டின் எல் கோப்ரேயில் 1965 மார்ச் 28-இல் நிலநடுக்கம் வந்தபோது கழிவு அணை உடைந்து கீழே இருந்த குடியிருப்பை மூடியது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கழிவின் மேலேயே கரை கட்டும் முறையை அந்த நாடு பிறகு தடை செய்தது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரம். உடைந்த அணைக்கு நேர் கீழே தொழிலாளர்களின் கேண்டீன். 270 பேர். அணை ஸ்திரமாக இருக்கிறது என்று சில மாதங்களுக்கு முன் எழுதிக் கொடுத்த சான்றிதழ் பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் 2020-இல் கழிவு அணைகளுக்கென்று உலக அளவில் ஒரு தரவிதி வந்தது.

போனை எடுத்து திங்கட்கிழமை போட்டோவைப் பார்த்தேன். பாய் அளவுப் புல். வியாழக்கிழமை அது ஒரு கூடம் அளவு. அப்போதுதான் உறைத்தது. அவர் 'எப்ப பாத்தீங்க' என்று கேட்டது என்னைப் பிடிக்க இல்லை. ஈரம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடமுடியும். நான் பொய் சொன்னது அவரிடம் இல்லை, அந்தக் கணக்கிடம்.

பதினொரு மணிக்கு அவர் அறைக் கதவைத் தட்டினேன். போட்டோவைக் காட்டினேன். "மூணு நாள் முன்னாடியே பாத்துட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "இதுதான் எனக்கு வேணும்" என்று போனை வாங்கிக்கொண்டார். விடிவதற்குள் கழிவு ஊற்றுவதை நிறுத்தி, குட்டையை பம்ப் வைத்து இறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் லாரி லாரியாகப் பாறை வந்து கரையின் காலடியில் முட்டுக் கொடுத்தது. கரை நின்றது.

லீவில் பெர்த் வந்ததும் நைனாவுக்கு போன் போட்டேன். நைனா இருப்பது கோலார் தங்கவயலில். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். தாத்தா சாம்பியன் ரீஃபில் பூமிக்கு அடியில் இறங்கினார், நைனா மேலே மில்லில் வேலை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபோது எனக்குப் பத்து வயது. லைன் வீட்டுக்கு எதிரே சயனைட் டம்ப்பு. நூறு வருடத்துக் கழிவு, எல்லா டம்ப்பும் சேர்ந்தால் மூன்று கோடி டன்னுக்கு மேல். அட்டையை வைத்துச் சறுக்கி விளையாடியிருக்கிறோம். ஆடிக்காற்றில் அந்த மண் வீட்டுக்குள் வரும். ஆயா கோணியை நனைத்து வாசலில் தொங்கவிடும். அப்படியும் சோற்றில் பல்லில் நறநறவென்று கடிபடும். சினிமாக்காரர்கள் வந்து அதன்மேல் செட் போட்டுப் படமெடுத்துவிட்டுப் போவார்கள்.

முழுக்கதையையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. நைனா இடையில் பேசவே இல்லை.

"அந்தப் புல்லு இப்ப இன்னா ஆச்சு?" என்று கேட்டது கடைசியில்.

"காஞ்சி போச்சி நைனா."

"நல்லது." கொஞ்ச நேரம் கழித்து, "இங்க போன மழைக்கு டம்ப்பு ஓரமா பெரிய பள்ளம் உளுந்துக்கிது. மண்ணு கால்வாயில எறங்குது. உன்ன மாதிரி சுத்திப் பாத்து எழுத இங்க ஆளும் இல்ல, நோட்டும் இல்ல" என்றது.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஓடுகிற அணைக்கு இன்ஜினியர் உண்டு, மீட்டர் உண்டு, விதி உண்டு, என்னைப் போல் பயந்துகொண்டே சுற்றி வர ஒரு ஆளாவது உண்டு. தங்கம் தீர்ந்த ஊருக்கு?

"நைனா, தெனம் காலைல நடக்கப் போறியே, அந்தப் பள்ளத்த ஒரு போட்டோ எட்த்து அனுப்பு. வாரத்துக்கு ஒண்ணு. ஒரே எடத்துல நின்னு எடு. கைத்தடிய பக்கத்துல நிக்க வெச்சி எடு, அளவு தெரியும்."

"எட்த்து இன்னா பண்ணப் போற?"

"எழுதி வெக்கிறேன்."

இதுவரை பதினொரு போட்டோ வந்திருக்கிறது. முதல் படத்தில் கைத்தடி பள்ளத்துக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் படத்தில் அதன் பிடி மட்டும் தெரிகிறது.