சைவக்கடையிலே எதனை உண்பது?

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கடலோரமாக வரும் வண்டியிலேறி வெள்ளவத்தையில் இறங்குவோர், கடலைப் பின்னே விட்டுச் சிறிது தூரம் நடந்தால் காலி வீதியை அடைவர். அங்கே புடைவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் நடுவிலிருந்து சாம்பாரின் மணம் எதிர்கொண்டு வரவேற்கும். அம்மணத்தின் பிறப்பிடம் நமது சைவக்கடைகளே. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் முதலாய இடங்களிலிருந்து கல்வியையும் உத்தியோகத்தையும் நாடி வந்து, அறையெடுத்துத் தங்கியிருக்கும் எத்தனையோ பேருக்கு இவையே தாயின் அடுக்களை. 1983 யூலையிலே இவ்வீதியில் தமிழருடைய கடைகள் பல தீக்கிரையாயின. ஆயினும் வீதி மீண்டும் எழுந்தது. அடுப்புகளும் மீண்டும் மூண்டன.

அண்மையில் ஒருநாட் காலை இத்தகைய கடையொன்றுக்குள் நாம் மூவராய் நுழைந்தோம். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வைத்தியரைக் காண வந்திருந்த நம் மாமா. மற்றவள் கொழும்பிலே படிக்கும் அவருடைய பேர்த்தி. மாமாவின் இரத்தத்திற் சீனி மிகுந்துவிட்டதென்று முதல்நாள் வைத்தியர் கூறியிருந்தார். அச்செய்தி அவரை வருத்தியதிலும் பார்க்க வியப்பிலேயே ஆழ்த்தியிருந்தது.

"தம்பி, நான் பிறந்த நாளிலையிருந்து மச்சம் தொட்டறியன். எனக்கேன் இந்த வருத்தம்?" என்று அவர் வினவினார்.

பேர்த்தியின் குறை வேறு. அவளுடைய இரத்தத்திலே இரும்புச்சத்துப் போதாதாம். இருவரும் சைவர், இருவரும் வயிறார உண்பவர். அப்படியாயின் குறை எங்கேயுள்ளது?

நாம் அமர்ந்ததும், கேளாமலே ஒரு தட்டு மேசைக்கு வந்தது. உளுந்து வடையும் கடலை வடையும் அதிலே குவிந்திருந்தன. உண்டதற்கு மாத்திரமே காசு என்பது இக்கடைகளின் வழக்கம்; ஆனால் ஒன்றையேனும் உண்ணாது எழுந்தவர் அரியர். பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகத் தட்டிற்குப் போய்விடுகிறது. மாமாவின் கையும் போயிற்று. பாதி வழியிலே அது தயங்கி நின்றதைக் கண்டு நாம் உள்ளூர இரங்கினோம்.

மச்சத்தை விலக்குவது வேறு. தேகத்திற்கு ஏற்றதைத் தெரிந்து உண்பது வேறு. முன்னதை நாம் பரம்பரையாகக் கற்றிருக்கிறோம். பின்னதைக் கற்கத் தவறிவிட்டோம். சைவக்கடையின் கண்ணாடிப் பெட்டியிலே இருக்கும் வடையும் பூரியும் பராட்டாவும் லட்டும் மைசூர்ப்பாகும் சைவமே. ஆனால் ஒரு கிராம் மாப்பொருள் நான்கு கலோரி வெப்பத்தைத் தர, ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரியைத் தருகின்றது. நாவிற்கும் வயிற்றிற்கும் தெரியாமலே அது உடம்பிற் சேர்ந்துவிடும். 2018-2019 காலப் பகுதியில் நாடளாவி நடந்த ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தோருள் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோரெனக் கண்டது. மச்சம் உண்போர், உண்ணாதோர் என்று அந்நோய் பேதம் பார்ப்பதில்லை.

உளுந்தையே எடுத்துக்கொள்வோம். ஊறவைத்து அரைத்த உளுந்து எண்ணெயிலே பொரிந்தால் வடையாகிறது. அரிசியோடு கூடிப் புளித்து ஆவியிலே வெந்தால் இட்டலியாகிறது. தானியம் ஒன்று, சென்ற வழி இரண்டு. மேலும், மா புளிக்கும்போது தானியத்திலுள்ள இரும்பு முதலிய தாதுக்களை உடல் ஏற்பது எளிதாகின்றது. அரிசியிலே குறைவாயுள்ள புரதக்கூறு பருப்பிலும் உளுந்திலும் நிறைய உண்டு. அவற்றிலே குறைந்தது அரிசியில் உண்டு. போஷாக்கு நூல்கள் தோன்றுமுன்பே இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவைத்த நம் பாட்டிமாரை நாம் வணங்கத்தான் வேண்டும்.

மாமா இரண்டு இட்டலியோடு நிறுத்தினார். சட்னியைச் சிறிதாகவும், காய்கறி நிறைந்த சாம்பாரைத் தாராளமாகவும் கேட்டு வாங்கினார். அடுத்த மேசைக்குச் சென்ற சிவப்பரிசி இடியப்பத்தைப் பார்த்து, "அது சிவப்புத்தானே, எவ்வளவும் தின்னலாமோ?" என்றார். தவிடு நீக்காத அரிசி நல்லதே. ஆனாலும் மாவாய் அரைத்தபின் அதுவும் விரைவிலே செரித்துச் சீனியாகும். ஆகவே நிறத்தோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

பின்னர் தேநீர் வந்தது. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி, நாளொன்றுக்கு நான்கு கோப்பை என்று மாமா தம் கணக்கைச் சொன்னார். ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம்; எனவே மொத்தம் 32 கிராம். சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளொன்றுக்கு 25 கிராமிற்குள் அடக்குவது சிறந்ததென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தேநீர் மாத்திரமே அவ்வெல்லையைத் தாண்டிவிட்டது! 2016 முதல் இந்நாட்டு மென்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் பொறிக்கப்படுகின்றன. தேநீர்க் கோப்பைக்கு அத்தகைய வட்டம் இல்லை. அதை நாமே மனத்திற் பொறித்துக்கொள்ளல் வேண்டும்.

அன்று மாமாவுக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைத் தரிசிக்க ஆசை. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு இரதம் வரும். நாமோ அதற்கு எதிர்த்திசையாக, காலி வீதி வழியே பஸ்ஸிற் சென்று, செட்டியார் தெருவின் தங்க நகைக் கடைகளைக் கடந்து கோயிலை அடைந்தோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த அக்கோயிலின் தூண்களிடையே வெயிலின் கொடுமை தெரியவில்லை. தரிசனம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு நடந்தபோது பசியெடுத்தது. புனித லூசியா பேராலயத்தையும், விவேகானந்தா மேட்டிலுள்ளதும் 1902 இல் தோன்றியதுமான விவேகானந்த சபையையும் தன்னகத்தே கொண்ட பகுதி அது. அங்கேயும் சைவக்கடைகளுக்குக் குறைவில்லை.

மதிய இலை விரிந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குக் கறி, கோவா வறை, கீரை, அப்பளம், மோர்மிளகாய், ரசம் என வரிசையாக வந்தன. இலையிற் பாதி காய்கறியும் கீரையும், காற்பங்கு சோறு, காற்பங்கு பருப்பும் கடலையும் என்று வகுத்துக்கொண்டால் பெரும்பாலோர்க்குப் பொருந்தும் என்பது போஷாக்கு அறிந்தோரின் எளிய கணக்கு. உருளைக்கிழங்கு கறியென்ற பெயரில் வந்தாலும் சோற்றின் பங்கிலேயே சேரும். தேங்காய்ப்பால் மிகுந்த கறி சுவையானது. ஆயினும் அதன் கொழுப்பிலே பெரும்பகுதி இருதயத்திற்கு நன்மை செய்யாத வகையைச் சேர்ந்தது. அப்பளமும் மோர்மிளகாயும் உப்பின் உறைவிடங்கள். நாள் முழுவதற்கும் 5 கிராமிற்குக் குறைந்த உப்பே போதுமானது.

பேர்த்தியின் பக்கம் திரும்பினோம். அவளது வழக்கமான இரவுணவு கொத்து ரொட்டியும், உடனே ஒரு சாயத் தேநீரும். கோதுமை மாவும் எண்ணெயும் பசியை அடக்கும். இரும்பைத் தருவது குறைவு. தரும் சிறிதளவையும் உடல் ஏற்கவிடாது தேநீரின் சாயம் தடுத்துவிடுகின்றது. கீரையிலும் கடலையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்பதற்கு எலுமிச்சைச் சாறு துணைசெய்யும். ஆகவே கீரை மேல் தேசிக்காய் பிழிந்து உண்பதும், தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடிப்பதும் காசு செலவில்லாத மருந்துகள். தாவர உணவிலே இல்லாத பி12 உயிர்ச்சத்துக்காகத் தயிரும் மோரும் வேண்டும். மெட்போமின் என்னும் நீரிழிவு மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்ளும் சைவர், அச்சத்தின் அளவைப் பற்றித் தம் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

பரிசாரகர் சோற்று வாளியோடு மீண்டும் வந்தார். "சோறு போடவா, ஐயா?" என்றார் அன்போடு.

மாமா ஒரு கணம் வாளியைப் பார்த்தார். "சோறு போதும், தம்பி. அந்தக் கீரையிலை இன்னுங் கொஞ்சம் போடும்," என்றார்.

பேர்த்தி சிரித்தாள். தன் இலையிலிருந்த தேசிக்காய்த் துண்டை எடுத்து அவருடைய கீரையிலும் பிழிந்துவிட்டாள்.

வாசகர்களே, புதிய உணவெதனையும் தேடி நாம் எங்கும் செல்லவில்லை. மாமாவுக்கு வேண்டியதும் பேர்த்திக்கு வேண்டியதும் அதே கடையில், அதே வாளிகளில் இருந்தன. வைத்தியர் தந்த மருந்தை உணவு அகற்றிவிடாது. ஆனால் மருந்துக்கு அது துணைநிற்கும். அடுத்தமுறை சைவக்கடையில் அமர்ந்து, கேளாமலே வரும் அந்தத் தட்டைக் காணும்போது, நமது கை ஒரு கணம் தயங்கட்டும்; அத்தயக்கம் நமக்கு நன்மையையே செய்யும்.