நீரும் நீரிழிவும்

உழைத்து வாழும் சமுதாயத்துக்கு உடற்பயிற்சி வேண்டியதில்லை என்னும் எண்ணம் மலையகத்தில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்குவதற்கு முன்னும் பின்னும் இச்சரிவுகளைப் பசுமையாக்கியது மனித உடலின் உழைப்பே. விடியலிற் பிரட்டுக்குச் சென்று, கூடை சுமந்து, நாள்முழுதும் மலையேறிக் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு வேறு பயிற்சி எதற்கு?

ஆயினும், அவ்வுழைப்பு தாயிடமிருந்து மகனுக்கு வரும் சொத்தன்று. தாய் மலையேறினாள், மகன் கடைவீதியிற் கணக்கெழுதுகின்றான், அல்லது முச்சக்கர வண்டி ஓட்டுகின்றான். காலையிற் கோதுமைமா ரொட்டி, நண்பகலிற் சோறு, இடையிடையே சீனி கலந்த தேநீர் என்னும் உணவு மட்டும் மாறவில்லை. ஓய்வுபெற்ற தாயும் இன்று லயத்து வாசலில் அமர்ந்துவிட்டாள். உழைப்பு நின்றது, உணவு குறையவில்லை. அவ்விடைவெளியிலேயே மக்கள் ‘சீனி வியாதி’ என்னும் நீரிழிவு நுழைகின்றது. 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின்படி இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். நகர்ப்புறத்தில் அது 16.4 வீதம், கிராமப்புறத்தில் 8.7 வீதம்.

இயங்கும் தசை, குருதியிலுள்ள சீனியைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரிவரத் தொழிற்படாத உடலிலும் இவ்வழி திறந்தேயிருக்கும். ஆனால் அப்பயன் ஓரிரு நாள்களே நிலைக்கும். எனவே திருவிழாக்கால ஓட்டமன்று, வாரந்தோறும் தவறாத பயிற்சியே நோயைத் தள்ளிவைக்கும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் வெளியிட்ட முடிவு இதனை வலியுறுத்துகின்றது: உணவு ஒழுங்கும் நடையும் நோய் தோன்றும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன.

நடை செய்வதை நீச்சலும் செய்யும். சிலருக்கு அதனினும் நன்கு செய்யும். கை, கால், முதுகு, வயிறு ஆகிய அனைத்தின் தசைகளும் அதில் ஒருங்கே இயங்குகின்றன. மார்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடற்பாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே தாங்குகின்றன. பல்லாண்டு மலையேறி முழங்கால் தேய்ந்தவருக்கும், பருத்த உடலால் நடக்க வருந்துபவருக்கும் இதனினும் இசைந்த பயிற்சி அரிது.

ஆனால் ஊவாவின் முரண்பாடு இங்கேதான் உள்ளது. நீருக்குக் குறைவில்லை; நீந்துதற்கு இடமில்லை. கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சி காண்பதற்கு அழகியது, அதன் மேலுள்ள சுனைகளோ வழுக்குப் பாறைகளும் திடீர் வெள்ளமும் கொண்டவை, பயிற்சிக்குரியன அல்ல. வடக்கின் கடற்கரைத் தமிழருக்கு நீச்சல் தொழிலோடு வந்த கலை. 1954இல் மு. நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதனை இருவழியும் நீந்தினார். மலையகத்தவருக்கோ நீரென்பது பீலியில் வரிசையாக நின்று குடத்தில் ஏந்திய பொருள். நீந்தாமை அவர் குறையன்று. கற்பதற்கு அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

ஆகவே பிரதேச சபைகளும் பாடசாலைகளும் காவலும் பயிற்றுநரும் உடைய நீச்சற்றடாகத்தை ஆடம்பரமாகக் கருதலாகாது. மருந்தகம் போன்றதொரு தேவையாகவே கருதவேண்டும். குளிர்மிக்க இவ்வூரில் நீரைச் சற்றுச் சூடாக்கும் வசதியும், பெண்கள் கூச்சமின்றி வருவதற்குத் தனி நேரமும் அங்கு இருத்தல் வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேட்டே நீரில் இறங்கவேண்டும். சீனி திடீரெனக் குறைந்தால் கரை தொலைவாகிவிடும் ஆதலின் தனித்து நீந்தலாகாது. தடாகம் வரும்வரை மலைப்பாதை இருக்கின்றது. வயிற்றுக்காகத் தாய் ஏறிய அப்பாதையில், மகன் நலத்துக்காக நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது கடினமன்று. தாய்க்கு உழைப்பு விதிக்கப்பட்டது. மகன் அதைத் தானே விரும்பித் தேர்ந்துகொள்ள வேண்டியவனாகின்றான்.