ஜீப்புக்கு என்ன கூரை?

எமது நிறுவனத்திடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமங்களுக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அங்கிருந்து கிளினிக்கிற்கும் நீதிமன்றத்திற்கும் பிரதேச செயலகத்திற்கும் பெண்களை ஏற்றி இறக்குவதும் அதுதான். மாரியில் குளக்கட்டு ஓரமாகப் போகும் கிறவல் பாதைகளில் நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கின்ற வாகனம் இல்லாவிட்டால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஜீப்பின் கன்வஸ் ஹூட் 2023 ஆம் ஆண்டு மாரியோடு கிழிந்து போயிற்று. புது வாகனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையோ கிட்ட நெருங்க முடியாதபடி ஏறிவிட்டது. எனவே இருக்கின்ற ஜீப்பைத் திருத்தவென்று ஒரு தொகைப் பணம் கிடைத்தது. திரும்பவும் கன்வஸ் போடுவதா, அல்லது பைபரில் கட்டியான கூரையும் கண்ணாடி யன்னலும் பின்கதவும் பூட்டுவதா என்பதே கேள்வி.

ஒரு வாகனக் கூரையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று சகோதரிகள் நினைக்கக்கூடும். நானும் கணக்குப் பார்த்து அரை மணித்தியாலத்தில் முடிக்கின்ற காரியம் என்றே எண்ணியிருந்தேன். அது முடிய மூன்று மாதங்கள் எடுத்தன. அந்த மூன்று மாதத்தில் என் தொழிலைப் பற்றி நான் படித்தவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நான் கட்டியான கூரையின் பக்கமே நின்றேன். காரணங்களும் வைத்திருந்தேன். கன்வஸைக் கத்தியால் ஒரு கோடு கீறினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பெண்களின் கோவைகள், அடையாள அட்டைப் பிரதிகள், மருந்துப் பெட்டி என்று எத்தனையோ அதற்குள் இருக்கின்றன. சோளகம் வீசும் மாதங்களில் செம்புழுதி உள்ளே வந்து தலை, சேலை எல்லாம் சிவந்துவிடும். மாரியில் தையல் வழியாகத் தண்ணீர் ஒழுகும். காட்டு வழியில் யானை நின்றால் துணித்திரைக்குள் இருப்பவருக்கு என்ன தைரியம்?

இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் ஜீப்பில் வருகின்ற பெண்கள் பலருக்கு வழியிலேயே தலையிடியும் ஓங்காளமும் வரும். சிலர் வாந்தி எடுப்பார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். நெருக்கீடு உடலில் எப்படி வெளிப்படும் என்றெல்லாம் வாசித்திருக்கிறேன். போரில் இவ்வளவையும் கண்ட பெண்கள் பிரயாணம் என்றதும் பழைய நினைவுகளால் தாக்கப்படுகிறார்கள் என்று எனது அறிக்கையில் எழுதினேன். மூடிய, பாதுகாப்பான வாகனம் அவர்களுக்கு மன ஆறுதல் தரும் என்றும் எழுதினேன்.

பின்பு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினரை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டி, விடயத்தை விளக்கி, எது விருப்பம் என்று கேட்டேன். எல்லோரும் கட்டியான கூரைக்கே கை உயர்த்தினார்கள். கூட்ட அறிக்கையில் "ஏகமனதாக" என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

அடுத்த இரண்டு கிளினிக் நாட்களிலும் ஓர் அம்மா வரவில்லை. அவருக்கு நீரிழிவு, தவறாமல் மருந்து எடுக்க வேண்டியவர். வீட்டுக்குத் தேடிப் போனேன். முற்றத்தில் இருந்து உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "ஏனம்மா, ஜீப் வந்தும் நீங்கள் ஏறவில்லையாமே?" என்று கேட்டேன்.

"நல்ல விசயம்தான் பிள்ளை, எல்லாருக்கும் நல்லது. நான் இனி பஸ்ஸிலை வாறன். இப்பவே பழகிக்கொள்ளுறன்" என்றார்.

அந்த வழியில் பஸ் வருவதே அருமை. நான் பேசாமல் இருந்தேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"என்ர பொடியனை ஏத்தினதும் மூடின வாகனம்தான். கதவை அடிச்சுச் சாத்தின சத்தம் இப்பவும் காதுக்கை கிடக்கு. உங்கட ஜீப்பிலை பின்பக்கம் திறந்து கிடக்கும். றோட்டுத் தெரியும். வேணுமெண்டா குதிக்கலாம் எண்டொரு நினைப்பு. அந்த நினைப்பு இருந்தாத்தான் நான் ஏறுவன்."

"அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"நீங்கள் பாதுகாப்பு, பாதுகாப்பு எண்டு சொல்லேக்கை, எனக்குப் பயமெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூட்டிய கதவு எனக்குப் பாதுகாப்பு. அவருக்கோ அதுதான் ஆபத்து. ஒரே மண்டபத்தில் இருந்து ஒரே சொல்லை இரண்டு பொருளில் பேசியிருக்கிறோம்.

அந்தக் கிழமையே கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணை முப்பது வருடமாக ஜீப் திருத்துபவர். அவரிடம் எல்லாவற்றையும் விபரமாகக் கேட்டேன்.

ஜீப்புக்குத் துணிக்கூரை வந்ததற்குக் காரணம் இருக்கிறது என்றார் அவர். 1941 இல் அமெரிக்க இராணுவத்துக்கென வில்லிஸ் ஜீப் செய்யப்பட்டபோது பாரம் குறைய வேண்டும், கூரையைச் சட்டென்று மடக்க வேண்டும் என்பதே நோக்கம். பின்பு 1948 இல் வந்த லேண்ட் ரோவருக்கும், 1953 முதல் யப்பானில் செய்யப்பட்ட மிட்சுபிஷி ஜீப்புக்கும் அதே முறை தொடர்ந்தது. பாரமான கூரையை உயரத்தில் ஏற்றினால் வாகனத்தின் பாரமையமும் உயரும். சரிவான குளக்கட்டில் பக்கவாட்டாகச் சாயும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

"கட்டியான கூரை எண்டா பிரண்டாலும் தாங்கும் எண்டு நினைக்காதைங்கோ தங்கச்சி. பைபர் நொருங்கிப் போகும். ஆளைக் காப்பாத்துறது உள்ளுக்கை போடுற இரும்புச் சட்டமும் சீற் பெல்ற்றும்தான்" என்றார். எங்கள் ஜீப்பில் அவை இரண்டுமே இருக்கவில்லை.

பிறகு அவர் வாகனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறுற ஆக்களுக்குத் தலையிடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காரணம் இதுதான். வாகனம் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறையும். முன்பக்கமும் பக்கத்திரைகளும் மூடியிருக்க, பின்திரை மட்டும் திறந்திருந்தால், புகைக்குழாயிலிருந்து வெளியேறும் புகை அந்தத் திறப்பினால் உள்ளே இழுபடும். பின்சீற்றில் இருப்பவர்கள்தான் அதைச் சுவாசிப்பார்கள். எங்கள் புகைக்குழாயின் நுனியும் உக்கி உடைந்து, வாகனத்தின் அடியிலேயே புகை கக்கிக்கொண்டிருந்தது. தலையிடி, ஓங்காளம், மயக்கம் எல்லாம் அதனால் வரக்கூடியவை. பெற்றோல் வாகனமானால் இன்னும் மோசம். மணமே இல்லாத காபனோரொட்சைட்டு அதில் கூடுதலாக வரும், அது உயிரையே எடுக்கும்.

தூசிக்காகப் பக்கத்திரைகளை இறக்கிவிடச் சொன்னவள் நான்தான். புகையைச் சுவாசித்து வாந்தி எடுத்த பெண்களை, பழைய நினைவால் வருந்துகிறார்கள் என்று அறிக்கையில் எழுதியவளும் நான்தான். போரால் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரை எழுதிவிட்டால், அவருக்கு வருகின்ற எல்லா வருத்தத்தையும் அந்தக் கணக்கிலேயே போட்டுவிடுகிறோம். அவருக்கும் சாதாரண தலையிடி வரும், அதற்குச் சாதாரண காரணமும் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த அறிக்கையைத் திருத்தி மறுபடியும் அனுப்பினேன்.

அத்தோடு முடியவில்லை. இரண்டாவது தடவை கூட்டமாகக் கேட்காமல் ஒவ்வொருவரோடும் தனித்தனியே இருந்து கதைத்தேன். "எது விருப்பம்?" என்று கேட்கவில்லை. "ஜீப்பில் ஏறினால் உங்களுக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். செயற்கைக்காலோடு நடக்கின்ற அக்கா ஒருவர், கூரை எதுவென்றாலும் சரி, பின்படி தன் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்கிறது, இரண்டு பேர் தூக்கி ஏற்றும்போது வெட்கமாக இருக்கிறது என்றார். இன்னொருவர், தகரக் கொட்டிலின் சூட்டைச் செட்டிகுளம் முகாமில் போதுமட்டும் அனுபவித்தாயிற்று, வெயிலில் கொதிக்கிற கூரை இனி வேண்டாம் என்றார்.

ஒரு தங்கச்சி மட்டும் மாறிச் சொன்னாள். அவளுக்கு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. "மிஸ், அந்தத் திறந்த ஜீப்பிலை போனா ஊர் முழுக்க என்னைப் பாக்கும். எங்கை போறன் எண்டும் தெரிஞ்சிடும். எனக்கு மூடினதுதான் வேணும்."

ஒருவருக்கு மூடியது பயம், மற்றவருக்குத் திறந்தது பயம். இரண்டும் உண்மை. கை உயர்த்தி எண்ணினால் இதில் ஒன்று தோற்றுத்தான் போகும்.

கடைசியில் கன்வஸ் என்றே முடிவெடுத்தோம். அதன் செலவு பைபர்க் கூரையின் செலவில் அரைவாசியும் வரவில்லை. மிச்சப் பணத்தில் உள்ளே இரும்புச் சட்டமும் சீற் பெல்ற்றும் போட்டோம். புகைக்குழாயைப் பக்கவாட்டில் வெளியே நீட்டினோம். பின்புறம் தாழ்ந்த படியொன்றும் பிடிகம்பியும் பூட்டினோம். கோவைகளுக்கும் மருந்துக்கும் பூட்டுள்ள இரும்புப் பெட்டியொன்றைத் தளத்தோடு ஆணியடித்து இறுக்கினோம். நீதிமன்றம் போகின்ற நாட்களில் அந்தத் தங்கச்சிக்கு வேறு ஊர் ஓட்டோ ஒன்று பிடித்துக் கொடுக்க வரவு செலவில் ஒரு சிறு தொகை ஒதுக்கினோம். வாகனத்தின் உடலமைப்பை மாற்றுபவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்பதையும் இதில் அறிந்துகொண்டோம்.

கன்வஸ் வைத்திருப்பவர்களுக்கு, அந்த அண்ணை சொல்லித்தந்த சில விடயங்கள்: ஈரத்தோடு மடித்து வைக்கக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். கழுவுவதற்கு மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் போதும், பெற்றோல் போட்டுத் துடைக்கக் கூடாது. ஒழுக்கு முதலில் தையலில்தான் தொடங்கும், அங்கே மெழுகு தேய்க்கலாம். சிப்புக்கும் மெழுகு தேய்த்தால் புழுதியில் இறுகாது. பின்திரை திறந்திருந்தால் முன்பக்கத்தாலும் காற்று வர விட வேண்டும். எம் தறப்பாள் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதில் பாதி எமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

புழுதிக்கு மட்டும் இன்னும் வழி இல்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறோம். வாந்தி எடுப்பது நின்றுவிட்டது. அந்த அம்மா கிளினிக்கிற்கு ஒழுங்காக வருகிறார். பின்கதவோரத்துச் சீற் அவருடையது, வேறு யாரும் அதில் இருப்பதில்லை. பிடிகம்பியைப் பிடித்தபடி, பின்னால் போகின்ற வீதியைப் பார்த்துக்கொண்டே வருவார்.