பெயர் பெற்ற மிட்டாய்

கோவில்பட்டி வழியாகப் பிரயாணம் செய்கிறவர்கள் கடலை மிட்டாய் வாங்காமல் வீடு திரும்பினால் குழந்தைகளுக்குப் பதில் சொல்லி மாளாது. நாமும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே கரிசல் பூமி. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் காய்ந்தால் வாய் பிளந்து கிடக்கும். கடம்பூரைத் தாண்டி மணியாச்சி ஜங்ஷனில் இறங்கித் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருந்தோம்.

ஸ்டேஷன் பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று காண்கிறது. 1911 ஜூன் 17-ந் தேதி இங்கேதான் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சிநாதன் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டான். ஊரின் பெயரோடு அவன் பெயரும் நிலைத்துவிட்டது. பெயர் என்பது எளிதில் கிடைப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, உடன் வந்த நண்பர் ஆர்மீனியா தேசத்துப் பிராந்தியைப் பற்றி ஆரம்பித்தார். நமக்கு அந்தச் சமாசாரம் எதற்கு என்றோம். "கதை கேட்டால் போதை ஏறாது ஐயா!" என்றார் நண்பர்.

1887-ல் எரெவான் நகரத்தில் நெர்ஸெஸ் தாயிரியான் என்ற வணிகர் ஓர் ஆலை தொடங்கினாராம். 1899-ல் அது ருஷ்யாவின் ஷூஸ்தவ் வம்சத்தார் கைக்குப் போயிற்று. திராட்சை மதுவை இருமுறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் வருஷக் கணக்கில் வைத்திருப்பார்கள். சரக்கு உயர்ந்ததே, ஆனால் 'கொன்யாக்' என்ற பெயரில் விற்றார்கள். அதுவோ பிரான்ஸ் தேசத்து ஊர் ஒன்றின் பெயர்! 2021-ல் முழு அமலுக்கு வந்த ஐரோப்பிய யூனியன் உடன்படிக்கையில், அந்தப் பெயரைப் படிப்படியாகக் கைவிட ஆர்மீனியா சம்மதித்திருக்கிறது.

நம் மிட்டாய்க்கு அந்தச் சங்கடம் இல்லை. 1940-களில் கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் இதை முதலில் செய்து விற்றார் என்பது ஊர் வழக்கு. அன்று கருப்பட்டிப் பாகு. பின்னர் வெல்லப் பாகு. கடலையை வறுத்து, தோல் நீக்கி, பருப்பாக உடைத்துக்கொள்ள வேண்டும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் கெட்டியாக உருள வேண்டும். அந்தப் பதம் தப்பினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பருப்பைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் பலகையில் பரப்பித் தேய்த்து, வில்லைகளாக அறுக்கிறார்கள். உருண்டையாகவும் பிடிப்பதுண்டு.

கீர்த்தி வளர்ந்ததும் எங்கெங்கோ செய்த மிட்டாயும் 'கோவில்பட்டி' என்று விலையாயிற்று. அடுப்படியில் வெந்து உழைத்தவர்கள் இவ்வூரார், ஆதாயம் வேறொருவருக்கு! உற்பத்தியாளர் சங்கத்தார் விடாமல் முயன்று, 2020-ல் புவிசார் குறியீடு பெற்றார்கள். இனி வட்டாரத்துக்கு வெளியே செய்ததை இப்பெயரால் விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் கடைக்குக் கடை வந்து நிற்குமா? வாங்குகிற நாம்தான் உறையைப் படித்து வாங்க வேண்டும்.

தூத்துக்குடி வண்டி வந்துவிட்டது. மிஞ்சியிருந்த பொட்டலத்தின் உறையை நாமும் அப்போதுதான் முதன்முறையாகப் படித்துப் பார்த்தோம். நல்ல வேளை, கோவில்பட்டிதான்!