பெட்டிப் பொருத்தம்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். பத்தும் பொருந்திய பின்னரும் பிணங்கி நிற்கும் இல்லறங்கள் உண்டு. ஒன்றும் பொருந்தாமலே ஒற்றுமையாய் வாழ்ந்து முடித்தோரும் உண்டு. காருக்கும் அதில் பூட்டும் பாட்டுப் பெட்டிக்கும் இதே போலப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதை நான் பட்டறிந்து கற்றுக்கொண்டேன். ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் வினவலாம். காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

1974ஆம் ஆண்டு சிகாமட்டுக்கு அருகில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியனாய்ச் சேர்ந்தேன். தலைமையாசிரியரிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. அக்காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த பாட்டுப் பெட்டிகளோ, எதிர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்று கொண்டு செய்யப்பட்டவை. பெட்டியின் இரும்புக் கூடே அதன் எதிர்முனை. அந்தக் கூடு காரின் இரும்பைத் தொட்டால் மின்கலத்தின் இரு முனைகளும் நேருக்கு நேர் சந்தித்துவிடும். தலைமையாசிரியர் இதை அறியாதவர் அல்லர். பழைய டியூபை அறுத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, அதன்பின்தான் பூட்டினார். ரப்பர்த் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? நாங்கள் நால்வர் ஏறி அமர்ந்து நான்கு பாட்டுக் கேட்டோம். ஐந்தாவதாக வானொலி கேட்கலாமே என்று அவர் ஏரியல் கம்பியை எடுத்துப் பெட்டியின் பின்புறம் செருகினார். அந்தக் கம்பியின் மேலுறை காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்ததை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. புகை வந்தது. பாட்டு வரவில்லை.

இரு சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் நிகழும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை ஒலி பாட்டினூடே வந்து புகுவது தோன்றல். வேகம் மாறி ஆண்குரல் பெண்குரலாய் ஒலிப்பது திரிதல். மோரிஸ் மைனரில் நிகழ்ந்தது கெடுதல்.

பெட்டிகளிலும் சாதிகள் பல இருந்தன. தோட்டத்து டிரசரின் காரில் எட்டுத் தடப் பெட்டி ஒன்றைக் கண்டிருக்கிறேன். 1965இல் அமெரிக்காவில் போர்டு கார்களில் இடம்பெற்ற முறை அது. கனமான பேழைக்குள் நாடா முடிவில்லாத வளையமாய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னோக்கிச் சுற்ற வழியில்லை. எட்டுத் தடங்களை இரண்டிரண்டாய் நான்கு பகுதியாக்கியிருந்தமையால், சில பேழைகளில் பாட்டின் நடுவிலேயே குரல் அடங்கி, ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டு, அடுத்த பகுதியில் மீதி தொடங்கும். அந்த ‘டக்’கையும் பாட்டின் ஓர் அங்கமாகவே டிரசரின் பிள்ளைகள் பாடி வந்தார்கள்.

நாம் எல்லாரும் அறிந்த சிறிய ஒலிப்பேழை 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஒரு நொடியில் அது ஓடும் தொலைவு 4.76 சென்டிமீட்டர். இந்த அளவுகள் உலகெங்கும் ஒன்றே. லாபிஸில் பதிந்ததை லண்டனில் கேட்கலாம். அதைவிட ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார்கள். இருவழி ஒலியின் இடத் தடத்தையும் வலத் தடத்தையும் அருகருகே, ஒற்றைத் தடம் இருந்த அகலத்துக்குள்ளேயே அடக்கி வைத்தார்கள். அதனால் பழைய ஒற்றைத்தட இயந்திரம் புதிய பேழையைப் பாடும். புதிய இயந்திரம் பழைய பேழையையும் பாடும். பின்னால் வருவோனும் முன்னால் போனவனும் ஒரே திண்ணையில் அமரலாம் என்பது போன்ற ஏற்பாடு.

ஆயினும் எந்த அளவுகோலாலும் கட்டுப்படுத்த முடியாத ஒன்று இருந்தது. நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளவு ஒன்று உண்டு. அது நாடாவுக்குச் செங்குத்தாய் நிற்க வேண்டும். ஒரு பாகைக்கும் குறைவாகச் சாய்ந்தாலே போதும், கீச்சொலிகள் மறைந்துவிடும். பதிந்த இயந்திரத்தின் தலை ஒரு பக்கமும் பாடும் இயந்திரத்தின் தலை மறுபக்கமும் சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? அதை என் அம்மாவின் குரலில் கேட்டேன்.

1982, தீபாவளிக்கு முந்திய இரவு. லாபிஸ் பக்கத்துத் தோட்ட லயத்தில் அம்மாவும் அக்காவும் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிப் போயிருந்த ஒற்றைத்தட ஒலிப்பதிவு இயந்திரத்தை மின்செருகியில் மாட்டி, அம்மாவின் முன் வைத்தேன். தோட்டத்து மின்சாரம் அலுவலகத்தின் பின்னிருந்த எஞ்சினிலிருந்து வருவது. மாலை ஆறு மணிக்கு வந்து இரவு பத்துக்கு நின்றுவிடும். பத்துக்குள் அம்மா நாற்பது நிமிடம் பேசினார். ஐந்து வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜுலா’ கப்பலில் வந்தது, முதன்முதல் பால்மரம் வெட்டிய அன்று உளி கையைக் கிழித்தது, எல்லாம் சொன்னார். இடையில் கோழியை விரட்டினார். கடைசியில், நாங்கள் கேட்டுக்கொண்டதற்காக, தாமே கட்டிய தாலாட்டு ஒன்றைப் பாடினார். உடனே அதே இயந்திரத்தில் போட்டுக் கேட்டோம். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் யார் கவனித்துக் கேட்டார்கள்? தம் குரலைக் கேட்டு அம்மா வெட்கப்பட்டதைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

1985இல் அம்மா காலமானார். காரியங்கள் முடிந்து திரும்பும் வழியில், என் டாட்சன் 120வையின் பெட்டியில் அந்தப் பேழையைப் போட்டேன். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்டது. தாலாட்டில் ஒரு பெயர் வந்தது. அது என் பெயரும் அன்று, அக்காவின் பெயரும் அன்று. முதலெழுத்து சகரமா தகரமா என்றே பிடிபடவில்லை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது கீச்சொலிதான். அது போனால் மிஞ்சுவது உயிரெழுத்தின் முழக்கம் மட்டுமே. பள்ளி இயந்திரமோ அதற்குள் பழுதாகிக் கழிக்கப்பட்டுவிட்டது. இரண்டு மூன்று கடைகளில் காட்டினேன். நாடா கெட்டுவிட்டது என்றார்கள்.

குளுவாங்கில் ஒரு சீனத் தவுக்கே, கார்ப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர், நாடா கெடவில்லை என்றார். பெட்டியைக் கழற்றி, மேல்மூடியை எடுத்து, பாடிக்கொண்டிருக்கும்போதே தலையின் ஓரத்திலிருந்த சிறு திருகாணியை மெல்லத் திருப்பினார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. நாடாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பினார். கால் சுற்றுகூட இராது. போர்வை விலகியது போல் அம்மா என் எதிரே வந்து நின்றார். “சூடா தெராங்?” தெளிந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார் தவுக்கே. நான் தலையை மட்டும் அசைத்தேன். ஒரு சொட்டு அரக்கு வைத்துத் திருகாணியை அசையாமல் ஒட்டிவிட்டு, ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே லாபிஸுக்குப் போய் அக்காவைக் காரில் அமர்த்தித் தாலாட்டைப் போட்டேன். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அப்ப மூணு வயசு தம்பி. தொட்டில் கட்டின கயிறு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு” என்றார். எனக்கு முன் ஓர் அண்ணன் பிறந்து சில மாதங்களில் தவறிப்போனதை நான் அன்றுதான் அறிந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

அன்றிலிருந்து என் காரில் அந்த ஒரு பேழைதான் தெளிவாகப் பாடியது. கடையில் வாங்கிய பேழைகள் அனைத்தும் மந்தமாயின. இளையராஜாவின் வயலின்கள் எல்லாம் போர்வைக்குள் போயின. திருகாணியைப் பழையபடி திருப்பி வைக்கும்படி என் மனைவி பலமுறை சொன்னார். நான் கேட்கவில்லை, ஒரு முறை சச்சரவே வந்தது.

மற்றவர் வண்டிகளிலும் பொருத்தம் எளிதாய் அமைந்துவிடவில்லை. என் மைத்துனர் ஜப்பானில் ஓடிய காரொன்றை வாங்கி வந்தார். அதன் வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே பிடிக்கும். அந்நாட்டு ஒலிபரப்பு அந்த எல்லைக்குள் அடங்கியது. ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரின் ஒலி 96.8ஐக் கேட்க முடியாமல் தவித்தவர், அலைவரிசையைப் பத்து எண் கீழிறக்கித் தரும் சிறு பெட்டியொன்றைப் பூட்டி, 86.8இல் கேட்டார். அக்காளின் மகனுக்கு வந்தது வேறு சங்கடம். பழைய பெட்டிகளில் ஒலிபெருக்கியின் ஒரு கம்பி காரின் உடலோடு சேர்ந்திருப்பது உண்டு. புதியவற்றில் இரு கம்பிகளிலும் ஒலி ஓடுகிறது. எதுவும் உடலைத் தொடலாகாது. பழைய கம்பிகளை மாற்றாமல் புதிய பெட்டியைப் பூட்டினான். ஒரே மாலையில் அது ஊமையானது.

2003இல் என் டாட்சன் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. பெட்டியை மட்டும் கழற்றி, பேழையோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தேன். 2019இல்தான் என் மகன் அதைத் திறந்தான். உள்ளேயிருந்த ரப்பர்ப் பட்டை உருகித் தார் போலாகியிருந்தது. துடைத்தெடுத்துப் புதுப் பட்டை மாட்டினான். அரக்கு அப்படியே இருந்ததால் தலையின் சாய்வு மாறவில்லை. வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் கலந்துவிடக் கூடாது என்று கார் மின்கலமொன்றை மேசையில் வைத்து இணைத்து, தடைகளால் ஒலியைக் குறைத்துக் கணினிக்குள் செலுத்தினான். குரல் வந்தது. ஆனால் பெரியப்பா பேசுவது போல் கனத்திருந்தது. பழைய பட்டையின் பருமன் யாருக்குத் தெரியும்? மோட்டாரின் பின்புறத் துளையில் திருகி வேகத்தைக் கூட்டலாம், எதுவரை கூட்டுவது?

மகன் ஒரு வழி கண்டான். “அப்பா, பேச்சுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்கிறது பாருங்கள். மின்செருகியில் மாட்டிப் பதிந்ததால் வந்தது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது துடிப்பு. உறுமல் ஐம்பதாகும்வரை கூட்டினால் சரியான வேகம்” என்றான். கூட்டினான். எனக்கு நிறைவாயிருந்தது. பொங்கலுக்கு வந்த அக்காவிடம் போட்டுக் காட்டினோம்.

“இது அம்மா குரல் இல்லப்பா. அம்மா இன்னும் தாழ்த்திப் பேசுவாங்க” என்றார் அக்கா.

“அத்தை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது” என்றான் மகன்.

“என்ன கணக்கு? அது தோட்டத்துக் கரண்டு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி. எல்லா லயத்திலயும் விளக்கு எரிஞ்சுது. எஞ்சின் திணறிக்கிட்டு ஓடிச்சு, பல்பெல்லாம் மங்கலாப் போச்சு. மறந்துட்டியா தம்பி?”

மறக்கத்தான் செய்திருந்தேன். பாரம் கூடினால் எஞ்சின் மெதுவாகும்; துடிப்பும் குறையும். குறைந்த துடிப்பை ஐம்பது என்று கொண்டால் குரல் உயர்ந்துதான் போகும். மகன் மறுபேச்சின்றி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். அக்கா கண்ணை மூடிக் கேட்டிருந்து, ஓரிடத்தில் கையைக் காட்டினார். உறுமல் நாற்பத்தேழில் நின்றது. ஏறத்தாழ சட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தொலைவு.

எது சரி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. பதினெட்டு ஆண்டுகள் நான் கேட்டது டாட்சன் பெட்டியின் வேகத்தில் ஓடிய குரல். அதற்கு முன் கேட்ட குரலை அது எப்போதோ மூடிவிட்டது. அக்கா அந்தப் பெட்டியில் கேட்டது ஒரே முறை.

மகன் இரண்டு படிகள் எடுத்தான். நாற்பத்தேழு அக்காவின் கைப்பேசியில் இருக்கிறது, ஐம்பது என்னிடம். அண்ணனின் பெயர் இரண்டிலும் தெளிவாகக் கேட்கிறது.